கதவுக்கு இந்தப் பக்கம்

வாள் தூக்குகிறவளாக இருந்துவிடலாம், அதிலென்ன பெரிய கஷ்டம் என்று வடவள்ளி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவுடனேயே ரேணுகா முடிவு செய்துவிட்டாள். கண்டக்டர் கொடுத்த மகளிர் டிக்கெட்டைச் சுருட்டி வளையலுக்குள் செருகுவதற்குள் அந்த முடிவு செத்துப்போனது. வாள் தூக்குகிறவளுக்குக் கோபம் வரவேண்டும். ரேணுகாவுக்குக் கோபம் வராது என்றில்லை, வரும். வந்த கோபம் நேரே சமையலறைக்குப் போய் ஒரு பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டு, யாரும் என்ன என்று கேட்காததால் தானே அடங்கிவிடும். இதை வைத்துக்கொண்டு எந்த அரக்கனை வெட்டுவது? சரி, மந்திரவாதி. மந்திரவாதிக்குத் தன்மேல் ஒரு நம்பிக்கை வேண்டும், கையை நீட்டினால் நெருப்பு வரும் என்று. கையை நீட்டினால் பஸ்ஸே நிற்பதில்லை நமக்கு. திருடி? மெதுவாக நடப்பது, சத்தம் போடாமல் கதவு சாத்துவது எல்லாம் வரும், ஆனால் அடுத்தவர் பைக்குள் கை போகும்போதே ஐயோ பாவம் மருந்து வாங்க வைத்திருந்தாரோ என்னவோ என்று தோன்றித் தொலைக்கும். சிங்காநல்லூரிலிருந்து ஊரைக் குறுக்காகக் கடந்து மலையடிவாரம் வரைக்கும் போகிற பஸ் இது. இறங்குவதற்குள் ஒரு ஆளைப் பிடித்தாகவேண்டும். இன்றைக்குப் புதுக் கதை ஆரம்பிக்கிறார்கள், ஆளாளுக்கு ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள், வாரம் பூராவும் மண்டையை உடைத்தும் ரேணுகாவுக்கு ஒருத்தியும் கிடைக்கவில்லை. கேட்டால் சிரிப்பார்கள். இத்தனை வருஷமாக இந்த விளையாட்டை நடத்தியவளே அவள்தான்.

விளையாட்டு என்றால் சீட்டு, கேரம் மாதிரி இல்லை. ஒரு மேசையைச் சுற்றி நாலு பேர் உட்காருவார்கள். ஒருத்தர் கதை சொல்லுவார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம், குள்ளனோ சூனியக்காரியோ வைத்தியனோ. எதிரே பாதை இரண்டாகப் பிரிகிறது, இடப்பக்கம் குகை, உள்ளே மூச்சுச் சத்தம் கேட்கிறது, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கதை சொல்லுகிறவர் கேட்பார். குகைக்குள் போவேன் என்றோ ஓடிப்போவேன் என்றோ இவர்கள் சொல்லுவார்கள். நடக்குமா நடக்காதா என்று இருபது முகம் உள்ள ஒரு தாயக்கட்டை உருண்டு தீர்ப்பு சொல்லும். அவ்வளவுதான். அவ்வளவுதானா? எதிர்வீட்டுச் சரோஜினியம்மா ஒருநாள் மாடிப்படியில் நிறுத்தி, ஞாயித்துக்கிழமையானா உங்க வீட்ல ஒரே கூச்சலா இருக்குதே, ஜெபக்கூட்டமா கண்ணு என்று கேட்டாள். ஆமாங்க்கா என்று சொல்லிவிட்டு வந்தாள் ரேணுகா, பின்னே டிராகனுக்குக் கழுத்தை வெட்டினோம் என்றா சொல்லமுடியும்? கதை சொல்லும் அந்த இடத்தில் எப்போதும் ரேணுகாதான். மோட்டார் பம்பு கம்பெனியில் கணக்குப் பார்க்கிற ஜோயல் அவளுக்குக் கண்டக்டரம்மா என்று பேர் வைத்திருந்தான். பஸ்ஸை நடத்துறது நீங்க, ஆனா ஒரு ஊர்லயும் எறங்க மாட்டீங்க என்பான். எல்லாரும் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள், அது அப்போது நல்ல பேராகத்தான் இருந்தது. இப்போது முன் சீட்டுக்காரரிடம் சில்லறை கேட்டுக்கொண்டிருக்கிற நிஜக் கண்டக்டரைப் பார்க்கும்போது அந்தப் பேர் லேசாக உறுத்துகிறது. அவராவது டிப்போவில் இறங்கி வீட்டுக்குப் போவார், வீட்டில் யாராவது சாப்பிட்டீங்களா என்று கேட்பார்கள்.

கதை சொல்லுகிறவளுக்கு வேஷம் கிடையாது, ஆனால் எல்லா வேஷமும் அவளுடையதுதான். சத்திரக்காரி, கோட்டைக் காவலாளி, பேசுகிற நரி, சாகக் கிடக்கிற ராஜா, எல்லாம் ரேணுகாவின் தொண்டைக்குள்ளிருந்துதான் வந்தார்கள். அதற்கு அவள் எங்கும் போய்ச் சிரமப்படவில்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முன் மேசையில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஆளுக்கா பஞ்சம்? பேரு சொல்லுங்க, வயசு சொல்லுங்க, வெறும் வயிறா வந்திருக்கீங்களா. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இதையேதான் கேட்கிறாள். வெறும் வயித்துல வரச் சொன்னா காபி குடிச்சுட்டு வந்திருக்கீங்களே என்று ஒரு பெரியவரைக் கேட்டதற்கு, காபி எப்படீம்மா சாப்பாடாகும், அது தண்ணி என்று அரைமணி நேரம் சண்டை பிடித்தார். அவரைத்தான் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து டிராகன் மலைக்கு வாசல் காவலாக நிற்கவைத்தாள், விளையாட வந்திருந்த ரிஸ்வானா சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப்பார்த்தாள். நல்ல நாள் அது. மழை. வெங்காய பஜ்ஜி. ரிஸ்வானாவின் கண்ணில் தண்ணீர். அந்தச் சத்தம் எல்லாம் இருட்டுகிற நேரத்துக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு கீழே போய்விடும், டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு ரேணுகா ஹாலில் வந்து நின்றால் காவலாளியும் இல்லை நரியும் இல்லை, மேசையும் நாலு நாற்காலியும் இருக்கும். நீங்க என்ன செய்யறீங்க, நீங்க என்ன செய்யறீங்க என்று மேசையைச் சுற்றிக் கேட்டுக்கொண்டே வருவாளே, அந்தக் கேள்வி சுற்றிவந்து அவளிடம் நின்றதே இல்லை. நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? டம்ளர் கழுவுகிறேன் என்றா?

ராமநாதபுரம் சிக்னலில் பஸ் நின்றது. வெயில் வந்து மடியில் உட்கார்ந்தது. பக்கத்தில் ஒரு பெண் தூக்கத்தில் தலையை இவள் தோளில் சாய்த்துவிட்டுத் திடுக்கிட்டு நிமிர்ந்தாள், பரவால்ல சாஞ்சுக்கங்க என்று சொல்ல வாயெடுத்து ரேணுகா சொல்லாமல் விட்டாள். சொன்னால் வித்தியாசமாக நினைப்பார்கள். யாராவது தோளில் சாய்ந்து எத்தனை நாளாயிற்று என்று ஒரு நினைப்பு வந்தது, அதை அப்படியே ஜன்னலுக்கு வெளியே விட்டாள். விட்ட நினைப்புக்குப் பதிலாக வேறொன்று வந்தது, இந்த வாரம் பூராவும் வந்துகொண்டிருக்கிற அதே ஒன்று: பாவம். அந்த ஒரு வார்த்தை. போன கதை முடிந்த அன்றைக்கு, டிராகனும் செத்து, ராஜகுமாரனும் பட்டமேறி, எல்லாரும் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும்போது தரணி சொன்னாள், அக்கா நீங்களே எத்தனை வருஷமா நடத்தறீங்க, பாவம், அடுத்ததை நான் எங்க வீட்ல வெச்சு நடத்தறேன், நீங்க ஜாலியா வந்து வெளையாடுங்க. தரணி பல் டாக்டருக்குப் படித்துவிட்டு இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிற சின்னப்பெண், மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனால் அவள் சொல்லி முடிக்கிறதுக்குள் ஜோயல், ஆமாமா சூப்பர் என்றான். அவ்வளவு சீக்கிரமாகவா ஒருத்தன் ஆமாம் சொல்லுவான்? முன்கூட்டியே பேசிவைத்திருந்தார்களோ? அதற்கு முந்தின வாரம் நரி பேசிக்கொண்டிருக்கும்போது ரிஸ்வானா கொட்டாவி விட்டாள். ஆஸ்பத்திரியில் பிஸியோதெரபி பார்க்கிறவள், ராத்திரி டியூட்டி முடித்துவிட்டு வந்திருந்தாள், கொட்டாவி வரத்தான் செய்யும். இல்லை, நரி போரடித்ததோ. பழைய குரல்தானே அதுவும். எத்தனை நரிக்குத்தான் ஒரே தொண்டையிலிருந்து பேசுவது, கேட்கிறவர்களுக்கும் சலிக்காதா? அப்போது ரேணுகா என்ன சொன்னாள்? உங்க இஷ்டம் என்று சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அந்தக் கதவிலேயே கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றாள்.

உங்க இஷ்டம். இதுவும் பழைய வார்த்தைதான், இதற்குச் சாட்சியாக ஒரு ஆள் இருக்கிறான். கதிரேசன். ஓசூருக்கு மாற்றலாகிப் போனவன், முதலில் வாராவாரம் வந்து, பிறகு மாதாமாதம் வந்து, பிறகு தீபாவளிக்கு வந்து, கடைசியில் விவாகரத்துக் கையெழுத்துப் போட மட்டும் வந்துவிட்டுப் போன கதிரேசன். அடித்தானா குடித்தானா, ஒன்றும் கிடையாது, சொந்தக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு காரணம்கூட இல்லாத பிரிவு. கோர்ட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றுகொண்டு சொன்னான், உனக்குன்னு என்ன வேணும்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியல ரேணு, ஓட்டலுக்குப் போனா நான் சொல்றதையே நீயும் சொல்றே, புடவை எடுக்கப் போனா கடைக்காரன் பிரிச்சுப் போட்டதை எடுத்துட்டு வர்றே, கேட்டா உங்க இஷ்டம்ங்கறே, நான் யாரோட குடும்பம் நடத்தறேன்னே தெரியாம நடத்தினேன். அப்போது டீ மாஸ்டர், உங்களுக்கு டீயா காபியாங்க்கா என்று கேட்டார். இவரு சொன்னதே குடுங்க என்று ரேணுகாவின் வாய் சொல்லிவிட்டது. கதிரேசன் அவளைப் பார்த்தான். சிரிக்கக்கூட இல்லை அவன். நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. கூறுகெட்டவளே, அந்த ஒரு நிமிஷமாவது காபி என்று சொல்லியிருக்கக்கூடாதா, காபிதானே பிடிக்கும் உனக்கு? கதவு தட்டினால் யாரது என்று கேட்கிற பழக்கம் உள்ளவன் அவன். அவளிடம் சாவி இருக்கும், இருந்தாலும் கதவு தட்டினால் உள்ளேயிருந்து யாரது என்பான், இந்நேரத்துக்கு வேறு யார் வருவார்கள் என்று அவளுக்கு எரிச்சலாக வரும், நான்தான் என்பாள். இப்போது சாவி போட்டுத் திறந்தால் திறந்துகொள்கிறது. யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அதனால்தான் எங்கே கிளம்பினாலும் ஹால் லைட்டைப் போட்டுவிட்டுக் கிளம்புவது, பட்டப்பகலாக இருந்தாலும் சரி. திரும்பி வரும்போது கீழேயிருந்து பார்த்தால் ஜன்னலில் வெளிச்சம் தெரியும், யாரோ இருக்கிற மாதிரி இருக்கும், மூன்று மாடி ஏறுகிற வரைக்காவது இருக்கும். இன்றைக்குப் போட்டோமா? போட்டோம். இந்த வெயிலில் ஒரு லைட்டு அங்கே தனியாக எரிந்துகொண்டிருக்கிறது.

சரி, இதெல்லாம் எதற்கு இப்போது, ஆளைப் பிடி ஆளை. சுங்கம் ஸ்டாப்பும் தாண்டியாயிற்று. தரணி கட்டியிருக்கிற உலகம் நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்லமுடியாது, கேட்டதும் ரேணுகாவுக்கே பொறாமையாக இருந்தது. கடல் வற்றிப்போன நாடு. முன்னொரு காலத்தில் கடல் இருந்த இடமெல்லாம் இப்போது வெள்ளை வெளேரென்று உப்பு. கப்பல்களுக்குச் சக்கரம் மாட்டி எருது பூட்டி இழுக்கிறார்கள். கடல் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டு மூன்று பேர் கிளம்புகிறார்கள், அதுதான் கதை. ரேணுகா முதலில் உப்புப் பாதையில் சத்திரம் நடத்துகிற ஒருத்தியை யோசித்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் கூழ் ஊற்றுவாள், வழி சொல்லுவாள். பிறகு ஒரு கிணற்றுக் காவல்காரி. பிறகு, இதுதான் ரேணுகாவுக்கே பிடித்துப்போன ஒருத்தி, கலங்கரை விளக்கத்துக்காரி. கடல் போய்விட்டது, அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்னதை அவள் நம்பவில்லை, தினமும் சாயங்காலம் ஏறிப்போய் விளக்கைப் பற்றவைக்கிறாள், கப்பல் வந்தால் பாறையில் மோதிவிடக்கூடாதே. பேர்கூடக் கிடைத்தது, உப்பாயி. போன் போட்டுத் தரணியிடம் சொன்னாள். அக்கா செமையா இருக்குதுங்க்கா, ஆனா இவங்க எங்கயும் போகலையேங்க்கா என்றாள் தரணி. சத்திரக்காரி, கெணத்துக்காரி, இவங்க, எல்லாருமே ஒரே எடத்துல நின்னுட்டு யாராச்சும் வருவாங்கன்னு பாத்துட்டிருக்கறவங்க. இது கெளம்பிப் போற கதைங்க்கா. உங்க ஆளு ஏன் கெளம்பறாங்க, அவங்களுக்கு என்ன வேணும், அதை மட்டும் யோசிச்சுட்டு வாங்க, மத்ததை நான் பாத்துக்கறேன். கதை நடத்துகிறவளுக்கே உண்டான தப்பு இது, வேறு யாரும் செய்யமாட்டார்கள். எவளை யோசித்தாலும் நாலு பேர் வந்து கேட்கிற கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறவளாகவே வந்து நிற்கிறாள். வழி தெரியும், ஆனால் போகமாட்டாள். என்ன வேணும்? இருபத்தாறு வயசுப் பெண் சர்வசாதாரணமாகக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். ரேணுகா போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றாள், குக்கர் விசில் அடித்தது, அணைக்கத் தோன்றவில்லை, மறுபடியும் அடித்தது.

இதைவிடப் பெரிய வினை வாசலில் காத்துக்கொண்டிருக்கிறது. அதை வைத்ததும் இவளேதான், யாரை நோவது? புதுக் கதை ஆரம்பிக்கிற அன்றைக்கு மட்டும் அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆளாளுக்குத் தனித்தனியாக வரவேண்டும். மணி அடிக்கவேண்டும். கதை நடத்துகிறவர் கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தபடியே யாரது என்று கேட்பார். வெளியே நிற்கிறவர் தன் சொந்தப் பேரைச் சொல்லக்கூடாது, வேஷத்தின் பேரைச் சொல்லவேண்டும், எங்கிருந்து வருகிறோம், என்ன வேண்டும் என்றும் சொல்லவேண்டும், சொன்னால்தான் கதவு திறக்கும். மறந்துபோய் நான்தான் என்று சொல்லிவிட்டால் தொலைந்தது, தெருவாசல் வரைக்கும் இறங்கிப்போய்த் திரும்ப ஏறி வரவேண்டும். ஹவுசிங் போர்டு வீட்டில் லிப்ட் ஏது? ஜோயலை ஒரு தடவை அப்படித் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறாள். பழக்கதோஷத்தில் நான்தான் நான்தான் என்றே வந்தது அவனுக்கு. கடைசியில் சட்டையெல்லாம் நனைந்து, மூச்சு இரைத்து, படியேறியே செத்துப்போனவன் வந்திருக்கேன், தெறங்க என்று கத்தினான். அந்தக் கதை முழுக்க ஜோயல் ஒரு பேயாகத்தான் வந்தான், அவன் ஆடினதிலேயே நல்ல வேஷம் அதுதான். கதவுக்கு உள்பக்கம் நின்றுகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தது ஞாபகம் வருகிறது. உள்பக்கம் நிற்பது எவ்வளவு சுலபம்! யாரது என்று கேட்டுவிட்டால் போதும், மீதியெல்லாம் வெளியே நிற்கிறவர் பாடு. இன்றைக்கு வெளியே நிற்கப்போவது யார்? உள்ளே ஏற்கெனவே ஜோயலும் ரிஸ்வானாவும் உட்கார்ந்திருப்பார்கள், இத்தனை பேரை இறக்கி ஏற்றினவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு. கதவுக்கு வெளியே ஒரு ஆள் நின்று ஒன்றும் சொல்லாமல் இருந்தால்? உள்ளேயிருந்து சிரிப்பு முதலில் வரும், அப்புறம் சிரிப்பு நிற்கும், அப்புறம் யாராவது ஒருத்தர் மெதுவாக, பாவம், திறந்து விட்டுடு என்பார்கள். அதைத்தான் தாங்கமுடியாது. பேனுக்கு அடியில் உட்காரவைத்து, பரவால்லீங்க்கா நாங்களே ஒரு ஆளைக் குடுக்கறோம் என்பார்கள். அப்புறம் அடுத்தடுத்த வாரங்களில், அக்காவைக் கூப்பிடணுமா, கூப்பிட்டா சங்கடமா இருக்குது, கூப்பிடலைன்னாலும் சங்கடமா இருக்குது என்று ஆகிவிடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் வாரத்தில் எதற்கு? ரேணுகா போனை எடுத்தாள். தலவலியா இருக்குது, நீங்க ஆரம்பிச்சுருங்க என்று அடித்தாள். அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை. விவசாயக் கல்லூரி மரங்கள் இரண்டு பக்கமும் வந்து பஸ்ஸுக்குள் நிழல் விழுந்தது, உள்ளே எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் கண்ணை மூடினார்கள். இப்படியே கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போய், இறங்காமல் உட்கார்ந்து, இதே பஸ்ஸில் திரும்பிவிட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? எரிந்துகொண்டிருக்கிற லைட்டை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணம் இதமாகத்தான் இருந்தது, அவ்வளவு இதமாக இருந்ததே பயமாகவும் இருந்தது, பயத்திலேயே எழுந்து தரணி வீட்டு ஸ்டாப்பில் இறங்கிவிட்டாள்.

தரணி வீட்டுக்கு ஒரே ஒரு மாடிதான். கீழே செருப்பு ஸ்டாண்டில் ஜோயலின் தேய்ந்த லெதர் செருப்பும் ரிஸ்வானாவின் வெள்ளை ஷூவும் கிடந்தன, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், வீட்டு ஆட்கள் செருப்பு மாதிரி. தன் செருப்பைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தள்ளி வைத்தாள். படியில் ஏறும்போதே மேலேயிருந்து ரிஸ்வானா சிரிக்கிற சத்தம் வந்தது. அந்தச் சிரிப்பு தெரிந்த சிரிப்புதான், பஜ்ஜி, மழை, நாற்காலி. ஆனால் இந்த முறை அதை வரவழைத்தது வேறு யாரோ. ரேணுகா நின்றாள். பொறாமையா? ஆமாம், பொறாமைதான், இருந்துவிட்டுப் போகட்டும். வைத்தியச்சி என்று சொல்லிவிடலாம், யாரும் எடுக்காத வேஷம் அது, எல்லாருக்கும் மருந்து போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்துவிடலாம். எங்கிருந்து? மலையிலிருந்து. என்ன வேணும்? அதான் பார், அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. எல்லாரும் நன்றாக இருக்கணும். த்தூ, அதுவும் ஒரு பதிலா, உங்க இஷ்டம் என்பதைத்தான் வேறு சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு வருகிறாய். கதவு வந்துவிட்டது. நீலக் கதவு, மேலே காய்ந்த மாவிலை. கை போய் மணியை அழுத்திவிட்டது, அழுத்தச் சொன்னது யாரென்று தெரியவில்லை. உள்ளே சத்தம் எல்லாம் சட்டென்று நின்றது. உஷ், உஷ் என்று யாரோ. நாற்காலி நகர்ந்தது. பிறகு, தரணி தன் மெல்லிசுக் குரலை அடிவயிற்றுக்கு இறக்கிக்கொண்டு, கோட்டை வாசல் காவலாளி மாதிரி கேட்டாள், "யாரது?"

எத்தனை வருஷம். யாரது. வேண்டுமென்றே நடிக்கிற குரல்தான், சின்னப்பெண் குரல்தான், ஆனால் மூடின கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மனுஷக் குரல், உள்ளே வெளிச்சமும் ஆளும் இருக்கிற ஒரு வீட்டிலிருந்து, அவளைப் பார்த்து, அவளைத்தான், யாரது என்று கேட்கிறது. வைத்தியச்சி எங்கேயோ போனாள், மலை எங்கேயோ போனது, ரேணுகா யோசிக்கவே இல்லை.

"நான்தான்" என்றாள்.

உள்ளே வெடித்தது பாருங்கள், வீடே இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. "கண்டக்டரம்மா!" ஜோயலின் குரல், சந்தோஷம் தாங்காமல் மேசையைத் தட்டுகிறான். "மாட்டுனீங்களா! எறங்குங்க! தெருவாசல் வரைக்கும்! நான் எத்தனை தடவை ஏறியிருக்கேன், ஒரு தடவையாச்சும் நீங்க ஏறுங்க!" ரிஸ்வானா மூச்சு வாங்கிக்கொண்டே, "அக்கா, நாங்க ஜன்னல்ல பாப்போம், ஏமாத்தக்கூடாது" என்றாள். யாரும் பாவம் என்று சொல்லவில்லை. காத்திருந்தாள் ரேணுகா, யாராவது சொல்லுவார்கள் என்று. ஒருத்தரும் சொல்லவில்லை.

இறங்கினாள். வேகமாக இறங்கினாள், சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று அவளுக்கே பிடிபடவில்லை, இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன போலிருக்கிறது. தெருவாசலில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. இங்கிருந்து வலப்பக்கம் திரும்பினால் பஸ் ஸ்டாப். அங்கே ஒரு பஸ் நின்றுகொண்டுதான் இருக்கிறது, கிளம்பப்போகிற மாதிரி உறுமிக்கொண்டு. திரும்பிப் போய்விடலாம், இப்போதும் போகலாம், தலைவலி கையில் தயாராக இருக்கிறது. நீங்க என்ன செய்யறீங்க? யாரோ கேட்டமாதிரி இருந்தது. அவள் குரலேதான், மேசையைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது கடைசியில் சுற்றிவந்து இங்கே நின்றுவிட்டது. எதிரே பாதை இரண்டாகப் பிரிகிறது. நீங்க என்ன செய்யறீங்க? மேலே பார்த்தாள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ரிஸ்வானாவின் முகமும் ஜோயலின் முகமும் ஒட்டிக்கொண்டு நின்றன, ஜோயல் கையை ஆட்டி ஏறுங்க ஏறுங்க என்றான். எத்தனை நாள் சாயங்காலம் இப்படிக் கீழே நின்று ஒரு ஜன்னலைப் பார்த்திருக்கிறாள், தானே போட்டுவிட்டுப் போன லைட்டை. அது யாருக்காக எரிந்தது? எந்தக் கப்பலுக்காக? பைத்தியக்காரி, கடல் போய் எத்தனை வருஷமாயிற்று! யாரோ வந்து சொல்லவேண்டும் என்று நின்றாளே அந்த உப்பாயி, ஒருத்தரும் சொல்லவரவில்லை, தானேதான் ஒருநாள் தெரிந்துகொண்டிருப்பாள். தெரிந்த அன்றைக்கு என்ன செய்திருப்பாள்? ரேணுகா போனைத் திறந்து தலைவலியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். ஏறினாள். செருப்பு ஸ்டாண்டைத் தாண்டும்போது திரும்பிவந்து தன் செருப்பை எடுத்து அந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துவிட்டு ஏறினாள். மூச்சு வாங்கியது. மணியை அழுத்தினாள், இந்தத் தடவை அழுத்தியது யாரென்று தெரிந்தது.

"யாரது?"

"உப்பாயி."

உள்ளே சிரிப்பு இல்லை. காவலாளிக் குரல் கொஞ்சம் இளகி, "எங்கிருந்து வர்றே?" என்றது.

"கலங்கரை விளக்கத்துலருந்து. கடலு வத்துனதுக்கு அப்புறமும் தெனமும் விளக்கு ஏத்திட்டுதான் இருந்தேன். ஒரு கப்பலும் வரலீங்க. இன்னைக்கு அணைச்சுட்டு எறங்கி வந்துட்டேன்."

பிறகு தரணி கேட்டாள். நடிக்க மறந்துபோய், தன் சொந்தக் குரலிலேயே கேட்டுவிட்டாள். "என்ன வேணுங்க்கா?"

உங்க இஷ்டம் என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ரேணுகா அதை விழுங்கினாள். கதவில் உள்ளங்கையை வைத்தாள், மரம் வெதுவெதுப்பாக இருந்தது.

"உள்ள வரணும்" என்றாள்.